ஹரிக்கேன்: புயலா, சூறாவளியா?

மின்சாரம் போன இரவுகளில் திண்ணையில் ஏற்றி வைக்கும் விளக்குக்கு எங்கள் வீட்டில் அரிக்கேன் விளக்கு என்று பெயர். பக்கத்துக் கம்பியை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பும். தீக்குச்சியைத் திரியில் காட்டிவிட்டுக் கம்பியை விட்டால் கண்ணாடி மறுபடி இறங்கி உட்காரும். மறுநாள் காலையில் கரி படிந்த கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது பிள்ளைகளின் வேலை, ஏனென்றால் சின்னக் கைதான் உள்ளே நுழையும். சில ஊர்களில் இதையே லாந்தர் என்பார்கள். அரிக்கேன் என்றால் என்னவென்று அப்போது யாரும் கேட்டதில்லை. அது ஒரு புயலின் பெயர். எந்தக் காற்றடித்தாலும் அணையாத விளக்கு என்று சொல்ல ஆங்கிலேயர் ஹரிக்கேன் என்ற சொல்லை விளக்குக்குச் சூட்டினார்கள். நம் வாயில் ஹகரம் உதிர்ந்து அரிக்கேன் ஆயிற்று.

ஆனால் அந்தச் சொல் ஆங்கிலேயருடையதும் அல்ல. கரீபியன் தீவுகளில் கொலம்பஸ் வந்து இறங்குவதற்கு முன்பே வாழ்ந்தவர்கள் தாயினோ மக்கள். பெருங்காற்றை அவர்கள் 'ஹுரகான்' என்றார்கள். அதை ஸ்பானியர் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஃபுராக்கேன் என்று எழுதியவர்களும் உண்டு. தாயினோ மக்களோ, ஸ்பானியர் வந்த சில பத்தாண்டுகளிலேயே நோயிலும் கட்டாய உழைப்பிலும் பெரும்பாலும் அழிந்துபோனார்கள். அந்த மக்களின் மொழியும் அதன் உறவு மொழிகளும் தந்த சொற்கள் உலகமெங்கும் பரவியிருக்கின்றன. நம் கொய்யாவும் அந்தப் பக்கத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல்தான்.

தாயினோ மக்களின் நம்பிக்கையில் பெருங்காற்றுக்கு உரியவள் குவாபன்செக்ஸ் என்ற பெண் தெய்வம். அவள் சினம் கொண்டால் காற்றையும் நீரையும் கிளப்பி வீடுகளைச் சாய்த்து மரங்களைப் பிடுங்குவாள். முன்னால் முரசறைந்து போக ஒருவர், நீரைத் திரட்டி வெள்ளமாக விட ஒருவர் என்று அவளுக்கு இரண்டு துணைகள். அங்கே கிடைத்த சில பழைய உருவங்களில் நடுவே ஒரு முகமும், அதிலிருந்து எதிரெதிராக வளைந்து போகும் இரண்டு கைகளும் இருக்கின்றன. கியூப அறிஞர் ஃபெர்னாண்டோ ஒர்த்திஸ் இந்த வடிவங்களைச் சுழலும் காற்றின் உருவமாகவே கண்டார். இன்றைய வானிலைப் படங்களில் புயலைக் காட்டும் குறியும் கிட்டத்தட்ட அதேதான். செயற்கைக்கோள் இல்லை, காற்றழுத்தமானி இல்லை. ஒரு திசையில் அடித்த காற்று சற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து திரும்பி அடிப்பதைக் கண்டே அவர்கள் இதை உணர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கடலின் குணத்தை ஐரோப்பியர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1502இல் கொலம்பஸ் தன் நான்காவது பயணத்தில் சான்டோ டொமிங்கோ துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றார். முந்தைய பயணங்களில் கண்ட அறிகுறிகளை வைத்துப் புயல் வருகிறது என்று ஆளுநர் ஒவாண்டோவுக்குச் சொல்லி அனுப்பி, உள்ளே ஒதுங்க இடம் கேட்டார். ஸ்பெயினுக்குப் புறப்பட நின்ற கப்பல் கூட்டத்தையும் நிறுத்தி வைக்கச் சொன்னார். இரண்டுமே மறுக்கப்பட்டன. முப்பது கப்பல்கள் வரை கிளம்பின. இருபதுக்கும் மேல் மூழ்கின, ஏறத்தாழ 500 பேர் இறந்தார்கள். தன் கப்பல்களைக் கரையோரம் ஒதுக்கிக்கொண்ட கொலம்பஸ் தப்பினார்.

முன்னறிவிப்பு இல்லாத காலத்துப் புயல்களில் அட்லாண்டிக்கில் இன்றுவரை அதிக உயிர்களைக் கொண்டுபோனது 1780ஆம் ஆண்டு அக்டோபர்ப் புயல். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, பெரும்புயல் என்று மட்டும்தான் சொல்கிறார்கள். அக்டோபர் 10 அன்று பார்படாஸைத் தாக்கி, செயின்ட் லூசியா, மார்ட்டினிக், செயின்ட் யூஸ்டேஷியஸ் என்று தீவு தீவாகப் போனது. இறந்தவர்கள் ஏறத்தாழ 22,000 பேர். அமெரிக்க விடுதலைப் போர்க் காலம் என்பதால் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் அங்கே திரண்டு நின்றன, அவற்றோடு மாலுமிகளும் போனார்கள். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. பார்படாஸில் மரங்களின் பட்டைகள்கூட உரிந்து போயிருந்தன. பிறகு வந்து பார்த்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ராட்னி, கல் கட்டடங்கள் அடியோடு பெயர்ந்து கிடந்ததைக் கண்டு, புயலோடு நிலநடுக்கமும் சேர்ந்து வந்திருக்க வேண்டும் என்றே எழுதினார். வெறும் காற்று இதைச் செய்யும் என்று அவரால் நம்ப முடியவில்லை.

அந்தக் காலத்தில் மாலுமிகளுக்குப் புயல் என்றால் ஒரு திசையிலிருந்து வேகமாக வீசும் காற்று, அவ்வளவுதான். அது சுழல்கிறது என்று காட்டியவர்களில் ஒருவர் வில்லியம் ரெட்ஃபீல்ட். குதிரைச் சேணம் செய்யும் தொழில் பழகியவர். 1821 செப்டம்பரில் ஒரு புயல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைக் கடந்தபின் அந்த வழியே பயணம் போனார். ஓரிடத்தில் மரங்களெல்லாம் வடமேற்கு நோக்கிச் சாய்ந்து கிடந்தன. மேற்கே போகப் போக, அதே புயலில் விழுந்த மரங்கள் நேர் எதிர்ப்பக்கம் தலைவைத்துக் கிடந்தன. ஒரே காற்று இரண்டு பக்கமும் எப்படித் தள்ளும்? மொத்தக் காற்றும் ஒரு மையத்தைச் சுற்றி வந்தால்தான் முடியும். பத்தாண்டு கழித்து, 1831இல்தான் அதை அச்சில் வெளியிட்டார்.

இந்த இடத்தில் இன்னொரு சொல் பிறக்கிறது. அது பிறந்த ஊர் கல்கத்தா.

ஹென்றி பிடிங்டன் கப்பலோட்டியாக இருந்து கல்கத்தாவில் தங்கிவிட்டவர். கடல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவராக இருந்தார். வங்கக் கடலின் புயல்களைப் பற்றி, அதில் மாட்டிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடிப் பிடித்து, எந்த மணிக்குக் காற்று எந்தத் திசையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பல கட்டுரைகள் எழுதினார். கோதாவரிக் கழிமுகத்தில் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் கொரிங்கா என்றொரு துறைமுகம் இருந்தது. பர்மாவில் தெலுங்குத் தொழிலாளர்களை 'கொரங்கி' என்று அழைத்தது இந்த ஊர்ப் பெயரால்தான். 1789 டிசம்பரில் மூன்று பேரலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொரிங்காவை மூழ்கடித்தன. 1839 நவம்பரில் மறுபடியும் ஒரு புயல் அந்தத் துறைமுகத்தைச் சிதைத்தது. பிடிங்டன் ஆராய்ந்தது இப்படிப்பட்ட புயல்களைத்தான்.

1848இல் அவர் மாலுமிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டார். அதில்தான் சைக்ளோன் என்ற சொல்லை விளக்கி முன்வைத்தார். கிரேக்கத்தில் வட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது. பாம்பு சுருண்டு கிடப்பதையும் அது குறிக்கும் என்பதை அவரே சொல்லி, அதனால்தான் இந்தச் சொல் பொருந்துகிறது என்றார். காற்று முழு வட்டமாகத்தான் சுற்றுகிறது என்று அடித்துச் சொல்ல அவர் விரும்பவில்லை. வளைந்து வளைந்து வருகிறது என்ற அளவுக்கு மட்டும் சொல்லும் சொல் வேண்டும் என்று தேடினார். ஒரு சொல்லை இத்தனை பொறுப்போடு ஆக்கியவரைக் கண்டால் மதிப்பு வருகிறது.

அந்தக் கையேட்டோடு ஒளி ஊடுருவும்படி மெல்லிதாகச் சீவிய கொம்புத் தகடுகள் இரண்டு இருந்தன. தகட்டில் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்திருக்கும், வட அரைக்கோளத்துக்கு ஒன்று, தென் அரைக்கோளத்துக்கு ஒன்று. இரண்டிலும் சுழற்சி எதிரெதிர் அல்லவா? மாலுமி தகட்டைக் கடல்வரைபடத்தின் மேல் வைத்து, தன் கப்பலின் மேல் அடிக்கும் காற்றோடு அம்பைப் பொருத்திப் பார்த்தால் புயலின் மையம் எந்தப் பக்கம் என்று தெரியும். வங்கக் கடலில் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் மையம் ஏறத்தாழ வலக்கைப் பக்கம். எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். முன்னறிவிப்பு என்று எதுவும் இல்லாத காலத்தில், நடுக்கடலில் தனியாக நிற்பவனுக்கு அது பெரிய துணை.

கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாட்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1853இல் பிடிங்டன் தலைமை ஆளுநருக்கு எழுதினார்: ஒருநாள் புயலில் கடல் ஏறி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். யாரும் கேட்கவில்லை, போர்ட் கேனிங் எழுந்தது. 1858இல் அவர் இறந்தார். 1867இல் புயல் வந்தது, துறைமுகம் பிறகு தலைதூக்கவே இல்லை. அதற்கு முன் 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் இறந்திருந்தார்கள். அந்த அழிவும் அடுத்து வந்த பஞ்சங்களும் சேர்ந்துதான் 1875இல் இந்திய வானிலைத் துறை அமையக் காரணமாயின.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. 1875இலேயே கியூபாவில், ஹவானாவின் பெலென் கல்லூரியில் பெனிட்டோ வின்யெஸ் என்ற பாதிரியார் மேகங்களின் போக்கைப் பார்த்தே புயல் எச்சரிக்கை வெளியிட்டார். அவர் வழிவந்தவர்கள் 1900இல் ஒரு புயல் டெக்சாஸ் பக்கம் போகும் என்று கணித்தார்கள். அமெரிக்க வானிலை அலுவலகமோ அது வடக்கே திரும்பிவிடும் என்று நம்பியது. போதாக்குறைக்கு, அப்போது அமெரிக்கப் பிடியில் இருந்த கியூபாவிலிருந்து வானிலைத் தந்திகள் போவதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். செப்டம்பர் 8 அன்று கால்வெஸ்டன் தீவு நகரத்தின் மேல் கடல் ஏறியது. நகரின் மிக உயர்ந்த இடமே 9 அடிக்கும் குறைவு, வந்த நீர் 15 அடிக்கு மேல். குறைந்தது 6,000 பேர், அநேகமாக 8,000 பேர் போனார்கள். கால்வெஸ்டனானாலும் கொரிங்காவானாலும் அதிகம் கொன்றது காற்று அல்ல, காற்று தள்ளிக்கொண்டு வந்த கடல்.

சரி, தமிழுக்கு வருவோம். புயல் என்றால் முதலில் புயல் இல்லை, மழை!

"ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும்
வாரி வளங்குன்றிக் கால்"

மழை என்னும் வருவாய் குறைந்தால் உழவர் ஏர் பூட்ட மாட்டார் என்கிறது குறள். வான்சிறப்பில், உயிர் வளர்க்கும் பொருளாக இந்தச் சொல் வருகிறது. திருமாலைப் 'புயல்வண்ணன்' என்று பாடுவதும் கார்மேக நிறத்தவன் என்ற பொருளில்தான். கொண்டல் என்ற சொல்லும் இப்படித்தான், கீழ்க்காற்றையும் குறிக்கும், மேகத்தையும் குறிக்கும். நம் கரைக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழையைக் கொண்டுவருவதும் பெருங்காற்றைக் கொண்டுவருவதும் ஒரே கடல். அதனால் மேகத்தின் பெயர் மெல்ல மெல்லக் காற்றின் மேல் ஏறிவிட்டது என்பது என் எண்ணம்.

சூறாவளி இரண்டு சொற்கள் சேர்ந்தது, சூறை + வளி. வளி என்றால் காற்று. கடலில் கலம் ஓட்டி 'வளிதொழில் ஆண்ட' முன்னோனின் வழிவந்தவன் என்று கரிகாலனைப் புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் பாடுகிறார். சூறை என்றால் சுழன்றடிக்கும் காற்று, கொள்ளையும் அதுவே. சூறையாடுதல் என்று இன்றும் சொல்கிறோமே, வாரிச் சுருட்டிக்கொண்டு போவது. இலங்கையில் சூறாவளி என்பதுதான் வழக்கு. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டதை அங்கே யாரும் புயல் என்பதில்லை, சூறாவளி என்றே சொல்கிறார்கள். வானிலைத் துறைக்கும் அங்கே வளிமண்டலவியல் திணைக்களம் என்று பெயர். தமிழ்நாட்டில் புயல். இரண்டும் சரி.

சிக்கல் எங்கே என்றால், தமிழ்நாட்டுச் செய்திகளில் வங்கக் கடலில் வந்தால் புயல், அமெரிக்காவில் ஹரிக்கேன் வந்தால் சூறாவளி, டொர்னேடோ வந்தாலும் சூறாவளி என்று எழுதிவிடுகிறோம். படிப்பவருக்கு ஹரிக்கேனும் டொர்னேடோவும் ஒன்றாகிவிடுகின்றன. டொர்னேடோ இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கும் கூம்பு போன்ற சுழல், நிமிடக் கணக்கில் ஒரு பட்டையை அழித்துவிட்டு அடங்கிவிடும். ஹரிக்கேன் பல நூறு கிலோமீட்டர் அகலத்தில், வெதுவெதுப்பான கடலிலிருந்து ஆற்றலை உறிஞ்சி, நாள்கணக்கில் நகர்வது. அதுவும் நம் புயலும் ஒரே பொருள். அட்லாண்டிக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன், இந்தியப் பெருங்கடலில் சைக்ளோன். கடல்தான் வேறு.

ஒரு சின்னக் கணக்கு மட்டும் உண்டு. நம் வானிலைத் துறை காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டதும் புயல் என்று அறிவிக்கிறது. ஹரிக்கேன் என்று சொல்ல 119 தாண்ட வேண்டும். அப்படியானால் நம் படிநிலையில் ஹரிக்கேனுக்கு இணை 'மிகத் தீவிரப் புயல்'. நான் எழுதும்போது ஹரிக்கேனுக்குக் கடும்புயல் என்றோ அட்லாண்டிக் புயல் என்றோ போடுகிறேன், டொர்னேடோவுக்குச் சுழல்காற்று. இலங்கை வாசகருக்கு எழுதினால் சூறாவளி என்ற சொல்லைப் பெரும்புயலுக்கே விட்டுவிடுகிறேன்.

அரிக்கேன் விளக்கை மட்டும் மாற்ற வேண்டாம். தாயினோ மக்கள் சொன்னது தேய்ந்து நம் ஊர்த் திண்ணைவரை வந்த வடிவம் அது. புயல் அடித்துக் கம்பம் சாய்ந்த இரவில் பாட்டி "அந்த அரிக்கேனை எடு" என்றால், எதை எடுக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.