யாரும் ஏற்காத பஸ்களுக்குக் காப்புறுதி தந்த குடும்பம்

சுங்கை சிப்புட்டில் பொதுக் காப்புறுதி முகவராக 22 ஆண்டுகளாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த பலருக்கு முதல் சொத்தே ஒரு வேன் அல்லது ஒரு சின்ன லாரிதான். வேனில் பள்ளிப் பிள்ளைகள், லாரியில் செம்பனைக் குலை. அந்த வண்டி ஒரு வாரம் நின்றால் அந்த வீட்டில் கடன் ஏறும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அண்ணன் என்னிடம் வந்தார். வேறோர் இடத்தில், சொந்த உபயோகத்துக்கான வண்டி என்று எழுதிக் காப்புறுதி எடுத்திருந்தார்; பிரிமியம் குறைவு என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் காலையும் மாலையும் மாதக் கட்டணத்துக்குப் பிள்ளைகளை ஏற்றினார். ஒரு மழை நாளில் முன்னால் போன லாரியின் பின்புறம் மோதிவிட்டார். தெய்வாதீனமாகப் பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. விசாரணைக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பிள்ளைகளிடம் காசு வாங்குகிறீர்களா?" வண்டியைப் பழுதுபார்க்கும் செலவைத் தர அந்த நிறுவனம் மறுத்துவிட்டது.

"மூன்று வருடம் தவறாமல் கட்டினேனே தங்கச்சி, அந்தப் பணமெல்லாம் எங்கே போயிற்று?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் கட்டிய பணம், வார இறுதியில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் ஒரு வேனுக்குக் கணக்கிட்ட பணம். தினமும் பிள்ளைகளை ஏற்றி ஓடும் வேனுக்கு யாரும் கணக்கே போடவில்லை. அவர் வண்டிக்கு விலை சொல்ல வேண்டியவர்களுக்கு அவர் வண்டி இன்னதென்றே தெரியாது.

இதை விளக்க நான் அடிக்கடி சொல்லும் கதை மார்க்கெல் குடும்பத்துடையது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற துறைமுக நகரம். அங்கே 'ஜிட்னி' என்ற வண்டிகள் ஓடின. ஐந்து காசு நாணயத்துக்கு அங்கிருந்த வழக்குப் பெயர்தான் அது. தனியாட்கள் தங்கள் வாகனத்தில் அந்தக் காசுக்கு ஆள் ஏற்றினார்கள். நம் ஊரில் ஒரு காலத்தில் 'கெரெத்தா சாப்பு' ஓடியதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகளுக்குப் பெரிய காப்புறுதி நிறுவனங்கள் கதவைத் திறக்கவில்லை. 1920களில் சாமுவேல் மார்க்கெல் என்பவர் அவர்களுக்காகவே ஒரு பரஸ்பரக் காப்புறுதி அமைப்பை, அதாவது வண்டிக்காரர்களே கூடிப் பணம் போட்டு ஒருவருக்கொருவர் தாங்கும் அமைப்பை, தொடங்கினார். 1930இல் மார்க்கெல் சர்வீஸ் என்ற நிறுவனம் உருவாயிற்று. அவருடைய நான்கு பிள்ளைகளும் தொழிலுக்குள் வந்தார்கள். பஸ்ஸோடு லாரியும் சேர்ந்தது.

மற்றவர்கள் 'ஆபத்து' என்று ஒரே சொல்லில் ஒதுக்கியதை இவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். எந்த வழி, எந்த வண்டி, எப்படிப்பட்ட ஓட்டுநர் என்று தெரிந்தால் ஆபத்துக்கும் ஒரு விலை உண்டு. தெரியாதவனுக்குத்தான் எல்லா பஸ்ஸும் ஒன்று. சிறப்புக் காப்புறுதி என்பதன் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பேரன்மார் காலத்தில், 1986இல், நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. குதிரைகள், பிள்ளைகளின் கோடைக்கால முகாம்கள் என்று பொது நிறுவனங்கள் தயங்கிய துறைகளில் வளர்ந்தது. ஆனால் வளர்ச்சி நேர்க்கோடாக இருக்கவில்லை. 2000இல் டெர்ரா நோவா என்ற காப்புறுதி நிறுவனத்தை வாங்கினார்கள். அதன் லண்டன் வணிகத்தில், பழைய பாலிசிகளுக்குத் தர வேண்டிய இழப்பீடுகள் கனத்தன. 2001இல் மார்க்கெல் இழப்பைக் கண்டது. அதைச் சரிசெய்ய ஆண்டுகள் பிடித்தன. 2013இல் ஆல்டெர்ரா நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டது. நல்ல காப்புறுதி நிறுவனம் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும்: 100 ரிங்கிட் பிரிமியம் வாங்கினால், இழப்பீடும் செலவும் சேர்ந்து 100க்குள் அடங்குகிறதா? அடங்காத விலைக்கு விற்கிறவர்கள் இன்று மலிவாகத் தெரிவார்கள். அந்தக் கணக்கு பிறகு எல்லாருடைய பிரிமியத்திலும் வந்து நிற்கும்.

நம் நாட்டிலும் இதே சிக்கல் இருக்கிறது. சந்தையில் காப்புறுதி கிடைக்காத வாகனங்களுக்காக 1992இல் மலேசிய மோட்டார் காப்புறுதிக் கூட்டு நிதி, அதாவது எம்.எம்.ஐ.பி., அமைக்கப்பட்டது. டாக்சி, பஸ், லாரி வைத்திருப்பவர்கள் "எங்கும் எடுக்கமாட்டேன் என்கிறார்கள்" என்று வந்தால் அந்த வழியும் உண்டு என்று சொல்வேன். 2017 ஜூலை முதல், சொந்த வண்டியின் சேதத்தையும் தாங்கும் முழுக் காப்புறுதியின் விலையை ஒவ்வொரு நிறுவனமும் தன் கணிப்புப்படி வைக்கலாம் என்றானது. ஆகவே ஒரே வேனுக்கு மூன்று இடத்தில் மூன்று விலை வரும். விலையைக் கேட்பதற்கு முன் மூன்று இடத்திலும் ஒரே உண்மையைச் சொன்னீர்களா என்று பாருங்கள்.

கூட்டாகப் பணம் சேர்த்துத் தாங்குவது நமக்குப் புதிதல்ல. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், இதே ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தே அதை நிறுத்தினார்கள். பொதுப் பணத்தில் பொய்க்கணக்கு கலந்தால் யாருக்கு வலிக்கும் என்று அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும்.

வேன், லாரி வைத்திருப்பவர்கள் இன்றிரவே பாலிசியை எடுத்து, பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள். கட்டணத்துக்கு ஆள் ஏற்றக்கூடாது என்று அதில் இருந்து, நீங்கள் ஏற்றினால், புதுப்பிக்கும் நாள்வரை காத்திருக்காதீர்கள். முகவரிடம் சொல்லி மாற்றுங்கள். பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு, அதாவது ஏற்றியவர்களுக்குக் காயம் பட்டால் தர வேண்டிய இழப்பீடு, உங்கள் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளி வாகன உரிமம் தனி விஷயம், அதையும் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பப் படிவத்தை முகவர் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. மலாயில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது என்றால் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சலிப்போடு சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

அந்த அண்ணன் இப்போதும் பிள்ளைகளை ஏற்றுகிறார், உரிமத்தோடு. பிரிமியம் முன்பைவிட அதிகம்தான். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வரும்போது, நான் கேட்பதற்கு முன்பே எத்தனை பிள்ளைகள், எந்த வழி, யார் ஓட்டுகிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார். போன முறை நான்காவது வரியும் இருந்தது: "மகன் சனிக்கிழமை ஓட்டுவான்."