நாற்பதைத் தொட்டவர்களும் வெளிநாட்டு டேபிள் டென்னிஸ் முகாம்களும்: முன்பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

டெல்டா மாவட்டங்களில் இன்று டேபிள் டென்னிஸ் ஆடும் பெரியவர்களில் பலர், பள்ளி, கல்லூரி நாட்களில் ஆடிவிட்டு, வேலை, திருமணம், பிள்ளைகளின் படிப்பு என்று பல ஆண்டுகள் விட்டுவிட்டு, நாற்பதை நெருங்கும்போது மறுபடியும் மட்டையைக் கையில் எடுத்தவர்கள். வங்கி அலுவலர்கள், கல்லூரி ஆசிரியர்கள், மருத்துவர்கள், பாத்திரக்கடையோ அரிசி ஆலையோ நடத்துபவர்கள் என்று கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருச்சி ஊர்களின் ஆடுகளங்களில் மாலை நேரத்தில் இவர்களைப் பார்க்கலாம். இவர்களில் சிலர் இப்போது விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்கோ சீனாவுக்கோ ஒரு வாரப் பயிற்சி முகாமுக்குச் செல்கிறார்கள். கும்பகோணத்தில் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், புறப்படுமுன் ஆலோசனை கேட்க வருபவர்களைவிட, திரும்பி வந்தபின் தோளையோ கெண்டைக்காலையோ பிடித்துக்கொண்டு வருபவர்களையே நான் அதிகம் சந்திக்கிறேன். முகாம் மோசமாக இருந்தது என்று அவர்களில் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் முகாம் நன்றாகவே இருந்திருக்கிறது. அவர்களுக்கு ஏற்றதாகத்தான் இருந்ததில்லை.

ஆசையில் தவறு இல்லை. சென்னையைச் சேர்ந்த சரத் கமல் 2022ஆம் ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 40. உலக முதுநிலை வீரர் போட்டிகளில் முதல் பிரிவே 40 வயதில்தான் தொடங்குகிறது. ஆனால் சரத் கமலின் தோளும் முதுகும் இடைவெளி இல்லாமல் உழைத்துப் பழகியவை என்பதையும், நம்மில் பலருடைய உடம்பு நீண்ட காலம் நாற்காலியில் பழகியது என்பதையும் மறந்துவிட்டு, அவர் ஆடிய நாடு, அவர் பயின்ற ஊர் என்று முகாமைத் தேர்ந்தெடுப்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

முகாமைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் முதல் அளவுகோல் நாடும் அல்ல, பயிற்சியாளரின் பெயரும் அல்ல, மணிக்கணக்கு. நம் ஊர்க்காரர் ஒருவர் வாரத்தில் நான்கு மாலைகள், ஒவ்வொரு மாலையும் ஒன்றே கால் மணி நேரம் ஆடுகிறார் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. அதிலும் பந்து பொறுக்குவது, முறைக்காகக் காத்திருப்பது, இரட்டையர் ஆட்டத்தின் நடுவே நடக்கும் பேச்சு ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும். ஐரோப்பிய முகாம்களில் காலையும் மாலையுமாக இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், ஐந்து நாட்கள் என்பது வழக்கமான அமைப்பு. அதாவது ஐந்து மணி நேரத்துக்குப் பழகிய உடம்பின் மீது ஒரே வாரத்தில் இருபது முதல் இருபத்தைந்து மணி நேரம் ஏற்றப்படுகிறது. சீன முகாம்களில் அமர்வுகள் இதைவிட நீளமாக இருப்பதும் உண்டு. அந்த நேரத்தின் அடர்த்தியும் வேறு. ஒரு கூடை நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் ஒன்றன்பின் ஒன்றாக மட்டையால் அடித்து அனுப்பிக்கொண்டே இருக்கும் மல்டிபால் முறையில், ஒருவர் பத்து நிமிடங்களில் அடிக்கும் டாப் ஸ்பின்களை (பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் அடிகளை) நம் ஊரில் ஒரு மாலை முழுவதும் ஆடினாலும் அடிக்க மாட்டார்.

தசைகள் இந்தச் சுமையை ஓரளவு தாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று நாட்கள் வலித்துவிட்டுச் சரியாகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அப்படி அல்ல. அவை தசையைவிட மிக மெதுவாகவே வலுப்பெறுகின்றன. வயது கூடக்கூட அவற்றின் நெகிழ்வும் குறைகிறது. அதனால்தான் முகாமின் மூன்றாம் நாள், உற்சாகம் உச்சத்தில் இருக்கும்போது, குதிகால் நாணோ, தோள்பட்டையைச் சுழற்றும் தசைகளின் நாண்களோ, முழங்கையின் வெளிப்புறமோ முனகத் தொடங்குகிறது. பணம் கட்டியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்ற எண்ணத்தில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு மீதி நாட்களை ஆடி முடிப்பவர்களே எனக்குப் பல மாத வேலை கொடுக்கிறார்கள்.

எந்த அடி எவ்வளவு சுமை தரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முன்னோக்கிச் சுழன்று வரும் பந்தின் மீது டாப் ஸ்பின் அடிப்பது ஒரு வேலை. எதிராளி வெட்டி, பின்னோக்கிச் சுழலவைத்து அனுப்பிய பந்தைக் கீழிருந்து தூக்கி டாப் ஸ்பின் அடிப்பது அதைவிடக் கடினமான வேலை. முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, அந்த விசையைத் தோள் வழியாக முன்கைக்கு அனுப்பினால் இந்த அடி பாதுகாப்பானது. கால் சோர்ந்துவிட்டால் இடுப்பு திரும்பாது. இடுப்பு திரும்பாவிட்டால் முழு வேலையும் தோளின் மீது விழுகிறது. மாலை அமர்வின் கடைசி அரைமணி நேரத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஆகவே முகாமுக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே, வெட்டுப் பந்தைத் தூக்கும் மல்டிபால் பயிற்சியைக் காலையில் வைத்துக்கொண்டு, மாலையைச் சர்வீஸ், ரிசீவ், ஆட்ட உத்தி ஆகியவற்றுக்கு ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். பெரியவர்களுக்குப் பயிற்சி தந்து பழகிய இடம் இந்தக் கேள்வியை உடனே புரிந்துகொள்ளும். எல்லோருக்கும் ஒரே அட்டவணைதான் என்று பதில் வந்தால், அதுவும் உங்களுக்குத் தேவையான தகவல்தான்.

என்னிடம் முன்கூட்டியே வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஓர் ஒத்திகை. பொங்கலோ தீபாவளியோ, தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை கிடைக்கும்போது, உள்ளூரிலேயே ஒரு நண்பரையும் ஒரு பயிற்சியாளரையும் வைத்துக்கொண்டு, முகாமின் அட்டவணைப்படி காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் ஆடிப் பாருங்கள். முதல் நாளும் இரண்டாம் நாளும் எதையும் சொல்லாது. நான்காம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் பத்து அடிகள் எடுத்து வைக்கும்போது குதிகால் எப்படி இருக்கிறது, சட்டையை மாட்டக் கையைத் தூக்கும்போது தோள் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். சாதாரண அலுப்பு உடம்பு முழுவதும் பரவி இருக்கும். நாண் பாதிப்போ ஒரு விரலால் சுட்டிக்காட்டக்கூடிய இடத்தில் இருக்கும். அப்படி ஓர் இடம் தென்பட்டால், பயணத்தை ஒரு பருவம் தள்ளிப்போட்டு அந்த இடத்தை வலுப்படுத்திக்கொள்வதே உத்தமம். விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இந்த ஒத்திகைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. இருந்தும், சொன்னால் செய்பவர்கள் குறைவு.

ஒத்திகையில் தேறியவர்களும் புறப்படுவதற்கு எட்டு வாரங்கள் முன்பிருந்து ஆட்ட நேரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குவது, ரப்பர் பட்டையை இழுத்துத் தோளை வெளிப்புறமாகத் திருப்புவது, பக்கவாட்டில் கால் நகர்த்தி அமர்ந்து எழுவது ஆகிய மூன்றையும் வாரத்துக்கு மூன்று நாட்கள் செய்தாலே பெரும் வேறுபாடு தெரியும்.

இனி முகாமின் உள்ளே. உங்களோடு ஆடப்போவது யார் என்பது பயிற்சியாளர் யார் என்பதைவிட முக்கியமானது. கோடைக்கால முகாம்களில் பலவற்றுக்குச் சிறுவர் சிறுமியரே பெருந்திரளாக வருகிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகள் நடுவே நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டால், கால் ஓட்டம் அவர்களுக்கு, பிளாக் செய்து பந்தைத் திருப்பித் தருவது இவருக்கு என்று வேலை தானாகவே பிரிந்துவிடுகிறது. ஒரு வாரம் முழுவதும் கட்டணம் செலுத்தி மற்றவர்களுக்குச் சுவராக நின்றுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். பெரியவர்களுக்கென்றே தனிக்குழு உண்டா, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், பயிற்சித் துணைவர்களை முகாமே தருகிறதா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் பெரியவர்கள் லீக் ஆடும் வழக்கம் ஊர்தோறும் இருப்பதால், அவர்களுக்கான முகாம்களும் அங்கே மிகுதி. ஹோட்டலும் பயிற்சிக் கூடமும் ஒரே வளாகத்தில் அமைந்த கிரென்சாவ் போன்ற இடங்களில், அமர்வுகளுக்கு இடையே அறைக்குப் போய்ப் படுத்து எழ முடிகிறது. நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல, மருத்துவத் தேவை. அங்கே ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் டிடிஆர் என்ற தரமதிப்பெண் இருக்கிறது, குழு பிரிப்பதும் அதைக் கொண்டுதான். நம்மிடம் அந்த எண் இல்லை. மாவட்ட அளவில் ஆடியவன் என்று எழுதினால் அவர்களுக்கு எதுவும் விளங்காது. நடுத்தரம் என்ற சொல்லோ இரு நாடுகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. சமமான எதிராளியோடு நீங்கள் ஆடிய முழு கேம் ஒன்றை, வெட்டாமல் ஒட்டாமல், தோற்ற கேமாகவே இருந்தாலும், காணொளியாக அனுப்புங்கள்.

ஸ்வீடன் முறையில் கால் ஓட்டத்துக்கு முக்கிய இடம் உண்டு. ஃபால்கன்பர்க் என்னும் ஊரின் பெயரால் உலகெங்கும் அறியப்பட்ட பயிற்சியில், பேக்ஹேண்ட் மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அதே இடத்தில் சுற்றி வந்து ஒரு ஃபோர்ஹேண்ட், பிறகு ஃபோர்ஹேண்ட் மூலைக்கு ஓடி ஒன்று என்று மாறி மாறி அடிக்க வேண்டும். மிகச் சிறந்த பயிற்சி. முழங்காலில் தேய்மானம் உள்ளவருக்கு மிகச் சிறந்த தண்டனையும்கூட. சீனாவில் மல்டிபாலும் அடியின் நுணுக்கத் திருத்தமும் ஈடிணையற்றவை என்றாலும், ஒரு வாரத்தில் ஃபோர்ஹேண்டையே மாற்றிக் கட்டும் முயற்சி பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பலிப்பதில்லை. பழைய அடி மறந்து, புதிய அடி படியாமல், நடுவழியில் நின்றுவிடுவார்கள். ஒரே ஒரு திருத்தத்தை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி ஆறு மாதம் அதையே பழகுவேன் என்பவருக்குச் சீனா பொருந்தும்.

தரையையும் காற்றையும் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் பக்கத்து ஆடுகளங்கள் பலவும் சிமெண்டு, மொசைக் தரைகள். கால் சற்று வழுக்கிக்கொண்டு நிற்கும். முகாம்களில் மரத் தரையோ செயற்கை விரிப்போ இருக்கும்; அதில் ஷூ சட்டெனப் பிடித்து நின்றுவிடும். கால் நின்ற பிறகும் உடம்பு திரும்பினால் அந்த முறுக்கு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகிறது. அந்தத் தரைக்குரிய டேபிள் டென்னிஸ் ஷூவை முன்பே வாங்கிப் பழக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டப்பயிற்சி ஷூ கூடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கே மட்டையின் ரப்பர் மீது ஈரம் படர்ந்து பந்து வழுக்குவதை எல்லோரும் அறிவோம். அதை ஈடுகட்டக் கூடுதல் விசை கொடுத்து அடிப்பது நம் கைக்குப் பழகியிருக்கும். உலர்ந்த கூடத்தில் ரப்பர் பந்தைக் கவ்வும், பந்து மேசையைத் தாண்டிப் பறக்கும். முதல் நாளே மட்டையைக் குறை சொல்லி, முகாமில் உள்ள கடையில் ஒட்டும் தன்மையுள்ள கனமான ரப்பருக்கு மாறிவிடுகிறார்கள். மட்டையின் எடையில் பத்து கிராம் கூடினாலும், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வீச்சுகளில் அது மணிக்கட்டிலும் முழங்கையிலும் தெரியும். முகாம் வாரத்தில் ரப்பரை மாற்ற வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள், ஒரு நாளில் நான்கைந்து மணி நேர உடற்பயிற்சிக்கு ஏற்றபடி அளவை மாற்றுவது குறித்துத் தம் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசியாக வேண்டும்; இரவில் சர்க்கரை இறங்குவது அயல்நாட்டு அறையில் தனியாக இருப்பவருக்கு ஆபத்தானது. இரத்த அழுத்தமோ இதயம் தொடர்பான குறையோ உள்ளவர்கள் இதய மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் முன்பணம் கட்டவே கூடாது. மருந்துகளைக் கைப்பையில், மருத்துவரின் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

விசா பற்றிச் சுருக்கமாக: ஜெர்மனி, ஸ்வீடன் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீட்டில் விளையாட்டுப் பயிற்சியின்போது நேரும் காயம் அடங்குமா, ஏற்கெனவே உள்ள நோய்கள் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். காயத்தால் பாதியில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் முகாமிடம் கேளுங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நம் விடுமுறை மே மாதம். ஜெர்மனியில் முகாம்கள் குவிவது லீக் ஆட்டங்கள் ஓய்ந்த ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். ஈஸ்டரை ஒட்டிய வாரங்களிலும் சில நடக்கின்றன என்பதால், அவற்றை முதலில் தேடலாம். போய் இறங்கிய மறுநாள் காலையே முதல் அமர்வு என்று பயணச்சீட்டு எடுக்காமல், நடுவே ஒரு முழு நாள் விட வேண்டும். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வேறுபாடுதான் என்றாலும், திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ விமானம் மாறி மாறிப் போய்ச் சேரும் முதுகுக்கு அந்த ஒரு நாள் தேவை.

திரும்பி வந்ததும் கற்றதைக் காட்டும் ஆவலில் அன்று மாலையே கிளப்புக்குப் போய்விடுகிறார்கள். முதல் நான்கைந்து நாட்கள் நடையும் லேசான உடற்பயிற்சியும் போதும். அதன்பின் இரண்டு வாரங்களுக்குப் பழைய அளவில், அதாவது வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குள், ஆட வேண்டும். அந்த நேரத்தில் பாதியை முகாமில் பயிற்சியாளர் சுட்டிக்காட்டிய திருத்தத்துக்கு மட்டும் ஒதுக்கலாம். முகாமில் தொடங்கிய ஓரிட வலி இரண்டு வாரங்கள் கழித்தும் காலையில் தென்பட்டால், மாத்திரையைத் தொடராமல் இயன்முறை மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ பாருங்கள். அந்த நிலையில் வருபவர்களைச் சில வாரங்களில் மேசைக்குத் திருப்பி அனுப்ப முடிகிறது; மூன்று மாதம் கழித்து வருபவர்களுக்கு அப்படி நாள் குறித்துச் சொல்ல என்னால் முடிவதில்லை.