‘டி டிரைவ்ல இருக்கு, பத்திரம்’ என்று நம்புகிறவர்களுக்கு

இந்த வாரமும் ரிப்பேருக்கு ஒரு சிபியு வந்தது. பழைய எச்61 ரக மதர்போர்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், புதிதாக ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிஸ்க்). வீடியோ பார்த்து வீட்டுப் பையனே மாட்டியிருக்கிறான். மாட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘எஸ்எஸ்டி போட்டும் ஸ்பீடு வரல’ என்பதுதான் முதல் புகார். திறந்து பார்த்தால் எஸ்எஸ்டி வாங்கியபடியே காலியாகக் கிடக்கிறது. விண்டோஸ் ஏறி உட்கார்ந்திருப்பது ஹார்ட் டிஸ்க்கில். அதிலிருந்த எல்லா பார்ட்டிஷனையும், அதாவது டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதிகளையும், டெலிட் செய்துவிட்டுப் போட்டிருக்கிறான். அக்கா கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன.

“சி-யைத்தாண்ணே அழிச்சேன். போட்டோ எல்லாம் டி-யில இருந்துச்சு, அது எப்படிப் போகும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரே டிஸ்க் உள்ள மெஷினில் சி, டி, இ என்பவை தனித்தனி டிஸ்க் இல்லை. ஒரே வீட்டின் நடுவே சுவர் எழுப்பி இரண்டு போர்ஷன் ஆக்குவது போல, ஒரே டிஸ்க்கைப் பிரித்து விண்டோஸ் வைத்த எழுத்துகள். டிஸ்க் செத்தால் எல்லாம் சேர்ந்தே சாகும். சி-யை மட்டும் ஃபார்மட் அடித்து விண்டோஸ் போடும்போது டி தப்பிவிடுகிறது, வாஸ்தவம். அந்த ஒன்றைப் பார்த்துத்தான் ஊரே டி-யை லாக்கர் மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறது. “இ-யிலயும் ஒரு காப்பி இருக்கு சார்” என்கிறவர்களும் உண்டு. சார், அதுவும் அதே டிஸ்க்தான்!

விண்டோஸ் போடும் திரையில் இந்த எழுத்துகளே வராது. டிஸ்க் வாரியாக டிரைவ் 0, டிரைவ் 1 என்றுதான் காட்டும். எது 0, எது 1 என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். வீடியோக்காரருக்கு டிரைவ் 0 எஸ்எஸ்டியாக இருந்திருக்கும், உங்களுக்கு ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். அளவைப் பாருங்கள்: 240 ஜிபி எஸ்எஸ்டி 223.6 என்று காட்டும், 500 ஜிபி டிஸ்க் 465.8 என்று காட்டும்.

அதைவிட நல்ல வழி, ஹார்ட் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு விண்டோஸ் போடுவது. ஒரு நிமிட வேலை. இல்லாத டிஸ்க்கை யாராலும் அழிக்க முடியாது.

கழற்றாமல் போட்டால் வேறு வம்பும் உண்டு. விண்டோஸ் எஸ்எஸ்டிக்குப் போகும், மெஷினைக் கிளப்பும் பூட் ஃபைல்கள் மட்டும் பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடக்கூடும். பல மாதம் நன்றாக ஓடும். ஒருநாள் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் மெஷின் பூட் ஆகாது. ‘எஸ்எஸ்டி போயிருச்சு’ என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். எஸ்எஸ்டி கல்லு மாதிரி இருக்கும்.

வாங்கும்போது: எச்61 காலத்து போர்டுக்கு 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். அந்த போர்டின் சாட்டா போர்ட் வேகம் 3 ஜிகாபிட்தான் என்று கவலைப்படாதீர்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும். சல்லிசாக 2 டிபி என்று விற்பதைத் தொடாதீர்கள், அந்த அளவு பெரும்பாலும் பொய். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் சாட்டா பவர் ஒயர் மிச்சமில்லை என்றால், பழைய நாலு பின் மோலெக்ஸ் ஒயரைச் சாட்டாவாக மாற்றும் கன்வெர்ட்டர் போடுவோம். அதில் ஒயரைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த மலிவு ரகம் வேண்டாம், உள்ளேயே ஷார்ட் ஆகி உருகும்.

வேலை தொடங்கும் முன் படங்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போடுங்கள். போட்டுவிட்டு அங்கிருந்தே நாலைந்தைத் திறந்தும் பாருங்கள், தயவுசெய்து.

அந்தப் பையனின் டிஸ்க்கில் ஒரு பகுதி மீண்டது. பல படங்களில் மேலே மணமக்கள் முகம் தெரிகிறது, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். காரணம், விண்டோஸ் போட்ட பிறகு அதே டிஸ்க்கில் இரண்டு கேமும் இறக்கியிருக்கிறான், படங்கள் இருந்த இடத்தில் அவை ஏறிவிட்டன. அழிந்தது எஸ்எஸ்டியில் இருந்த படம் என்றால் பெரும்பாலும் இந்தப் பாதிகூடத் தேறாது. டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைத் துடைத்துவிடும்.

அப்படி ஏதும் ஆகிவிட்டால் உடனே ஷட்டவுன் செய்து, பவரைப் பிடுங்கி, அப்படியே எடுத்து வாருங்கள். ரிக்கவரி சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்து பார்த்துவிட்டு மட்டும் வராதீர்கள்.