வதந்தி: யார் சொன்னது?

காரைக்குடிப் பக்கம் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பினால், கடைசியில் 'சொல்றாக' என்ற வால் ஒட்டியிருக்கும். "அவுக கடை முறிஞ்சுபோச்சுன்னு சொல்றாக." யார் சொல்றாக என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

வதந்தி என்ற சொல்லும் இதே 'சொல்றாக'தான். 'வத்' என்ற வடமொழி வினைக்குப் பேசுதல் என்று பொருள். 'வதந்தி' என்றால் 'பேசுகிறார்கள்'. ஊர்ப்பேச்சுக்கு அங்கே முழுப்பெயர் 'கிம்வதந்தி', அதாவது 'என்ன சொல்கிறார்கள்?'. தமிழில் அந்தக் 'கிம்' இல்லாமலே வழங்குகிறது. கேள்வி உதிர்ந்து சொல்கிறவர்கள் மட்டும் மிஞ்சியது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'அலர்' என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல்தான். காதலைப் பற்றி ஊர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், அது விரிந்து எல்லோர் வாயிலும் மலர்வது அலர். குறளில் 115ஆம் அதிகாரமே 'அலர் அறிவுறுத்தல்'. ஆனால் அந்தக் காதல் உண்மை. ஊர் அதைக் கண்டுபிடித்துப் பேசுகிறது, அவ்வளவுதான். பொய்க்கு அந்தப் பூவைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. யாரோ சொல்லிக் கேட்டதற்கு 'ஊர்ப்பேச்சு' போதும். தெரிந்தே கிளப்பிவிடுவதற்குப் 'புரளி'. உண்மையைப் புரட்டிப் போடுவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இவற்றைவிடக் கூர்மையான ஒன்று தமிழில் இருக்கிறது: 'ஆம்' என்ற ஒட்டு. போச்சாம், வந்தாளாம், வாங்கினாராம். நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்று ஒரே அசையில் ஒப்புக்கொள்கிறோம். மொழியே கொடுத்த நேர்மை இது. அந்த 'ஆம்' கழன்று விழும் இடத்தில்தான் கேடு தொடங்குகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண், கோயில் திருவிழாக் கூட்டத்தில் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, விரதம். சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆச்சி, "வலிப்பாம்ல" என்றார்கள். மறுநாள் இரண்டு தெரு தள்ளி "வலிப்பு". மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது "சின்ன வயசிலேருந்தே வலிப்பு". பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது. ஒன்பது கோயில்களாகப் பிரிந்த நகரத்தார் பங்காளிகளுக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் இந்த ஊர்களில், மறுப்புச் சொல்ல எத்தனை படி ஏறுவது?

வட்டிக்கடைக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்களுக்கு மூலதனமே விலாசத்தின், அதாவது கடையின், நல்ல பெயர்தான். காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். "மஞ்சக் கடுதாசி கொடுக்கப் போறாகளாம்" என்ற பேச்சு பரவி, பணம் போட்டவர்களெல்லாம் ஒரே நாளில் வாசலில் வந்து நின்றால், நன்றாக நடந்த கடையும் முறியும். பொய், தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளும் விபரீதம் அது.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போனது உயிர். குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார்.

அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப், கைமாறி வரும் செய்திகளின் தலையில் 'ஃபார்வர்டு' என்ற அடையாளத்தைப் போட ஆரம்பித்தது. நம் 'ஆம்' செய்த வேலைதான் அதற்கும். செய்தியை நகலெடுத்துப் புதிதாக ஒட்டினால் அந்த அடையாளம் வராது என்பதை எங்கள் குடும்பக் குழுவில் ஒரு பெரியப்பா முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.