மானிட்டர்: குற்றம் சொல்லும் ஒலிப்பானுக்கு ஒரு தமிழ்ச்சொல்

ஒலிப்பதிவுக் கூடத்தில் 'மானிட்டர்' என்றால் ஸ்பீக்கர். அலுவலகத்தில் அது கணினித் திரை. மருத்துவமனையில் நோயாளியின் தலைமாட்டில் இதயத்துடிப்பைக் காட்டும் கருவி. ஆங்கிலத்தில் உடும்புக்கும் இதே பெயர்தான். முதலை வருவதை அது முன்கூட்டியே உணர்த்தும் என்ற பழைய நம்பிக்கையைக் காரணமாகச் சொல்வார்கள். இவ்வளவுக்கும் மூலம் இலத்தீனின் 'மோனேரே' என்ற வினை. எச்சரித்தல், நினைவூட்டல் என்பது அதன் பொருள். வடமொழி வழியாக நாம் பெற்ற 'மனம்' அதற்குத் தூரத்து உறவு. இரண்டும் நினைத்தலைக் குறிக்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை.

பள்ளிக்கூட மானிட்டருக்கு நம் ஊரோடும் தொடர்பு உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்து, 1797இல் இலண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. நம் திண்ணைப் பள்ளிகளில் அந்த இடத்தில் இருந்தவன் சட்டாம்பிள்ளை. மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவைப்பான். யார் தவறு செய்தாலும் வாத்தியாரிடம் சொல்லிவிடுவான். ஒலிப்பதிவுக் கூடத்து மானிட்டருக்கும் அதுதான் வேலை. வீட்டு ஸ்பீக்கர் பாட்டை இனிமையாக்கிக் கொடுக்கிறது. மானிட்டரோ பாடகரின் மூச்சிரைப்பையும், தம்புராவோடு சேராத சுருதியையும், ஒலிவாங்கியில் விழுந்த காற்றையும் மறைக்காமல் காட்டுகிறது.

அப்படியானால் இதைத் தமிழில் என்ன சொல்வது? 'கண்காணிப்பு ஒலிபெருக்கி' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காதுக்கு உரிய கருவிக்குக் கண் எதற்கு? கண்காணி என்றதும் இலங்கை, மலாயாத் தோட்டங்களின் கங்காணி நினைவுக்கு வருகிறார். அந்த அதிகாரத் தோரணையும் இங்கே பொருந்தாது. 'ஒலிபெருக்கி' என்பதிலும் சிக்கல் இருக்கிறது. பெருக்குவது ஆம்ப்ளிபையர், ஸ்பீக்கர் ஒலிக்க மட்டுமே செய்கிறது. ஆகவே ஸ்பீக்கரை ஒலிப்பான் என்று கொண்டு, மானிட்டரைச் சான்றொலிப்பான் என்று சொல்லலாம் என்பது என் கருத்து. உள்ளதை உள்ளபடி சொல்பவரைச் சான்று என்கிறோம். 'சான்றோர்' பிறந்த அதே 'சால்' என்ற அடியில் பிறந்த சொல் அது.

ஆனால் சான்றொலிப்பானின் ஒலி நேராக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. அறை வழியாகவும் வருகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில், மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இரண்டு ஒலிப்பான்களையும் மூலைகளில் நிறுத்தித்தான் நான் தொடங்கினேன். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம், கும்மென்று அறையை நிறைத்தது. அதிகமாக இருக்கிறதே என்று தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தேன். மறுநாள் நண்பரின் காரில் போட்டுக் கேட்டபோது தொப்பியே இல்லை, வலப்பக்கமான வலந்தலை மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது. நான் குறைத்தது மிருதங்கத்தில் இருந்த குறையை அல்ல, சுவரின் சேட்டையை.

தாழ்ந்த ஒலி முன்பக்கம் மட்டும் போவதில்லை, எல்லாத் திசையிலும் பரவுகிறது. ஒலிப்பான் சுவரை ஒட்டி நின்றால், பின்னே போன ஒலியும் திரும்பி வந்து முன்னே போவதோடு சேர்ந்துகொள்கிறது. ஒலியளவை டெசிபலில் சொல்வார்கள். கணக்குப்படி ஒரு சுவர் 6 டெசிபல் வரை கூட்டும். மூலையில் இன்னும் அதிகம். இதற்காகத்தான் ஒலிப்பானின் முதுகில் சிறு விசைகளை, அதாவது சுவிட்சுகளை, வைக்கிறார்கள். யமஹாவின் எச்எஸ் வரிசையில் 'ரூம் கன்ட்ரோல்' என்ற விசை 500 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 500 அதிர்வுக்கு, கீழுள்ள ஒலியை 2 அல்லது 4 டெசிபல் குறைக்கிறது. 'ஹை டிரிம்' 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை 2 டெசிபல் கூட்டவோ குறைக்கவோ செய்யும். விசை பிறக்கும் முன்பு கை வைத்தியம் இருந்தது. 1978இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்து, பிறகு உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களைப் பிடித்துக்கொண்ட யமஹா என்எஸ்-10இன் உச்ச ஒலி காதைக் குத்தியது. பொறியாளர்கள் உச்ச ஒலியைத் தரும் அதன் சிறு பகுதியான ட்வீட்டர் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒட்டிவைத்து அடக்கினார்கள்.

ஒலிப்பானை அறைக்கு ஏற்பச் சரிசெய்யும் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் புழங்கும் சொல் 'கேலிப்ரேஷன்'. அரபியில் 'காலிப்' என்றால் வார்ப்பு அச்சு. துப்பாக்கிக் குழாயின் விட்டத்தைக் குறித்த 'கேலிபர்' அதிலிருந்து வந்ததென்பார்கள், கேலிபரிலிருந்து கேலிப்ரேஷன். கலைச்சொல் பட்டியல்கள் இதை 'அளவுத்திருத்தம்' என்கின்றன. தராசுக்கும் வெப்பமானிக்கும் அது சரி. இங்கே நாம் திருத்துவது கருவியின் அளவை அல்ல. கருவியையும் அறையையும் ஒத்துப்போக வைக்கிறோம். அதற்கு 'இசைவித்தல்' என்ற சொல் காத்திருக்கிறது. இசை என்பது ஒலி. இசைதல் என்பது உடன்படுதல். ஒரே சொல்லில் இரண்டும் இருக்கும்போது இரவல் வாங்க வேண்டியதில்லை.

இசைவிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. விசையைத் தொடும் முன் இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு ஒலிப்பான்களும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணமாக அமைவதும், ட்வீட்டர் காது உயரத்தில் இருப்பதும் நல்ல தொடக்கம். ஒலிப்பானின் முகம் அதன் முதுகுப்பக்கச் சுவரிலிருந்து சரியாக 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுமார் 86 ஹெர்ட்ஸில் சுவரிலிருந்து திரும்பும் அலை நேர் அலைக்கு எதிராக விழுந்து அதைத் தின்றுவிடும். அந்தப் பள்ளத்தைச் சமனாக்கியால், அதாவது தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால், நிரப்ப முடியாது. நேர் அலையைக் கூட்டினால் எதிர் அலையும் அதே அளவு கூடும். நகர்த்துவதுதான் வழி. மேட்டை மட்டும் சமனாக்கியால் ஓரளவு செதுக்கலாம். 3 மீட்டர் நீள அறை சுமார் 57 ஹெர்ட்ஸில் தானே முழங்கும். அந்த முழக்கத்தை உறிஞ்ச, மூலைகளில் கனமான பாறைப்பஞ்சுப் (ராக்வுல்) பலகைகள் வேண்டும். முட்டை அட்டைகளுக்கு அந்தச் சக்தி கிடையாது. விசைகளின் முறை இதற்கெல்லாம் பிறகுதான் வரும். அப்போதும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய ஒரே கச்சேரிப் பதிவைப் போட்டுக் கேளுங்கள். நான் முதலில் மிருதங்கத்தின் தொப்பியைக் கேட்கிறேன். ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுந்து அடங்கினால், அன்றைக்கு விசையிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன்.