குறிஞ்சி போதும், ‘குறிஞ்சிகா’ வேண்டாம்

பெண் பிள்ளைக்குக் குறிஞ்சி என்று பேர் வைக்க ஆசை, ஆனால் மொட்டையாக நிற்கிறதே, ‘குறிஞ்சிகா’ என்று வைத்தால் என்ன என்று இங்கே இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கமும் பதுளைப் பக்கமும் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது, அதனால் எழுதியே விடுகிறேன்.

சொல்லின் கதை சுருக்கமாக. குறிஞ்சி முதலில் ஒரு செடி. மலைச்சரிவில் புதர் புதராக வளர்ந்து, பல வருஷம் பூக்காமலே நின்று, ஒரே பருவத்தில் மொத்தமாகப் பூத்து, விதை விட்டுப் பட்டுப்போகும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களில் அதுவும் ஒன்று. குறுந்தொகையின் 3ஆம் பாட்டு அதன் கறுத்த தண்டையும் அந்தப் பூவில் தேனீ எடுக்கும் தேனையும் சொல்கிறது. பூவின் பேர் மலை நிலத்துக்கு ஆனது, பிறகு பண்ணுக்கும் ஆனது. தேவாரத்தில் குறிஞ்சிப் பண்ணில் பதிகங்களே இருக்கின்றன.

சரி, இப்போது இந்த ‘இகா’. இது வடமொழி விகுதி, சந்திரிகா, அம்பிகா போன்ற வடசொற்களோடு வரும், அங்கே அதற்கு வேலை உண்டு. அந்தப் பேர்களைக்கூட நம் முன்னோர் அப்படியே எடுக்காமல் சந்திரிகை, அம்பிகை என்று தமிழுக்கு இணங்கத் திருத்தித்தான் எடுத்தார்கள். நாமோ தமிழிலேயே முளைத்த ஒரு சொல்லுக்குப் போய் அந்த வாலை ஒட்டுகிறோம். பெண் பேராகத் தெரிய வேண்டுமாம். வள்ளி, செல்வி, அல்லி எல்லாம் ‘இ’யில் முடிகிற பெண் பேர்கள்தானே, குறிஞ்சி மட்டும் எப்படி மொட்டையாகும்? நீளமான பேர்தான் வேண்டும் என்றால் குறிஞ்சிச்செல்வி என்று வையுங்கள், சொல்லும்போதே இனிக்கிறது. திருவாதிரை நட்சத்திரத்துக்குக் ‘கு’வில் தொடங்க வேண்டும் என்கிறவர்களுக்கும் குறிஞ்சியிலேயே ‘கு’ இருக்கிறது. இன்னும் சிலர் ‘குறிஷா’ வரைக்கும் போய்விட்டார்கள், அதில் பூவும் இல்லை மலையும் இல்லை. ‘ஷா’வும் ‘க்ஷி’யும் இருந்தால்தான் நவீனப் பேர் என்ற எண்ணம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு வரைக்கும் வந்துவிட்டது, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பேராதனைப் பல்கலைக்கழகக் கோயிலில் இருக்கும் முருகன் குறிஞ்சிக்குமரன். மலையகக் கவிஞர் ஒருவர் குறிஞ்சித் தென்னவன் என்ற பேரில் எழுதினார். அங்கெல்லாம் அழகாக நிற்கிற சொல் தொட்டில் பிள்ளைக்கு மட்டும் போதாமல் போகாது.

அப்புறம் உச்சரிப்பு. ‘ஞ்’ முன்னால் வந்தால் ‘ச’ தானாகவே மெலிந்து ஒலிக்கும். இஞ்சி, கஞ்சி, பஞ்சு எல்லாம் அப்படித்தான், அதற்காக யாரும் இஞ்ஜி என்று எழுதுவதில்லை, ஆகவே ‘குறிஞ்ஜி’யும் தேவையில்லை. பேச்சில் றகரமும் ரகரமும் இப்போது நெருங்கிவிட்டன, அது போகட்டும், ஆனால் பிறப்புச் சான்றிதழில் ‘குரிஞ்சி’ என்று விழ விடாதீர்கள். நம் தோட்டத்து ஆட்களின் பேர் பதிவில் சிதைந்து, பிறகு அடையாள அட்டைக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் அலைந்த கதை வீட்டுக்கு வீடு உண்டு. பதிகிறவர் எழுதி முடித்ததும் வாங்கி எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது சீ, எச் போடாமல் ஜே போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தமிழ் தெரியாத டீச்சர் ‘குரின்ச்சி’ என்றுதான் கூப்பிடுவார், பிள்ளைக்கும் அதுவே பழகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹோர்ட்டன் சமவெளியில் சுமார் 12 வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் பூவைச் சிங்களத்தில் நெலு என்பார்கள். அவர்களுக்கு அது சரியான பேர். தமிழில் எழுதுகிறவர்களும் ‘நெலு மலர்கள் பூத்தன’ என்று அப்படியே இறக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை. நீலகிரியின் நீலக்குறிஞ்சி வேறு வகை, அது இங்கே வளர்வதில்லை, உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள், பூக்கிற விதமும் அதேதான். மொழிபெயர்க்கிறவர் குறிஞ்சி என்று எழுதி, தேவையானால் பக்கத்தில் சிங்களப் பேரையும் போடலாம். அப்படி எழுதியிருந்தால் இந்தப் பேரைக் கேட்டதும் ‘இது இந்தியாவில் பூக்கிற பூதானே’ என்று நம் ஆட்களே கேட்டிருக்க மாட்டார்கள்.