ஓய்வெடுக்கச் சொல்வது எளிது

“மூட்டை தூக்குகிறவருக்கு என்ன கவலை? படுத்தால் தூக்கம். எங்களுக்குத்தான் ஆயிரம் டென்ஷன்.” கழுத்து வலிக்காக என்னிடம் வரும் அலுவலகப் பணியாளர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. அவர்கள் வலி பொய்யல்ல. ஆனால் சுமைத் தொழிலாளர்களின் இடுப்பையும் முழங்காலையும் அன்றாடம் பார்க்கும் இயன்முறை மருத்துவராக, இந்தப் பேச்சோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

சிமெண்ட் மூட்டை 50 கிலோ. எல்லாம் வசதியாக அமைந்த நிலையிலேயே ஒருவர் தூக்கத்தக்க சுமைக்கு அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 23 கிலோதான். குனிந்தோ, உடலைத் திருகியோ, இடைவிடாமலோ தூக்கினால் அந்த அளவும் குறையும். லாரியிலிருந்து சரக்கிறக்கும்போது இவை மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன.

“உடற்பயிற்சிதானே, நல்லதுதானே?” என்பார்கள். இல்லை. நடைப்பயிற்சியில் சிறிது நேரம் ஏறும் நாடித்துடிப்பு, பிறகு இறங்கி உடல் தேறிக்கொள்கிறது. சுமை வேலையில் அது மணிக்கணக்கில் ஏறியே நிற்கிறது. தேறிக்கொள்ள அவகாசம் இல்லை. ஓய்வுநேர உடலியக்கம் இதயத்தைக் காப்பதுபோல் வேலைச் சுமை காப்பதில்லை என்று டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் போன்ற ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள்.

மன அழுத்தமும் மேலதிகாரிகளின் தனிச்சொத்து அல்ல. பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்களின் இதயநோய் மரணம் உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கழித்த பிறகும் இடைவெளி முழுதாக மறையவில்லை. பிரிட்டன் அரசு ஊழியர்களின் வேறொரு குழுவிடம் பின்னர் நடந்த ஆய்வுகள், வேலையின் மீது தனக்குப் பிடி இல்லாமையை ஒரு காரணமாகக் காட்டின.

என் அனுபவமும் அதுதான். அலுவலகத்தில் இருப்பவர் வலித்தால் எழுந்து நடக்கலாம், விடுப்பு கேட்கலாம். ‘பத்து நாள் ஓய்வு’ என்று சித்தாள் வேலை செய்யும் பெண்ணிடம் சொன்னால், அது பத்து நாள் கூலியைக் கைவிடு என்று நான் எழுதித்தரும் சீட்டு. அதனால்தான் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாளே மணல் சட்டியைத் தூக்குகிறார்.

துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருபவர்கள் தெரிந்துகொள்ள ஒன்று: கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கேளுங்கள், தனியாக அல்ல, சேர்ந்து. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐ-யில் இருப்பவர்கள் மருத்துவச் சான்றுடன் நோய்க்கால உதவித்தொகையும் பெறலாம். கூலியில் ஏறக்குறைய 70 விழுக்காடு கிடைக்கும். நாள்கூலிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. வீடு கட்டுகிறவர்கள் நிழலுக்கும் குடிநீருக்கும் இடைவேளைக்கும் வழிசெய்து, அந்த இடைவேளைக்குக் கூலியைப் பிடிக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இடுப்புவலியோடு கால் மரத்து வலுவிழப்பது, சிறுநீர் பிரியாமலோ கட்டுப்பாடின்றியோ போவது, தொடைகளின் இடுக்கில் உணர்வு குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.